மூன்று மூட்டை உப்பு: நகரங்கள் சாலைப் பனியை எப்படி அகற்றுகின்றன?

2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு. இங்கே தென்னாப்பிரிக்காவில், என் மச்சான் ஜோஹன்னஸ்பர்க்கில் சரக்கை இறக்கிவிட்டு டர்பனுக்கு லாரியைத் திருப்பியிருந்தார். மறுநாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டில் வாழையிலை வாங்கி வைத்தாயிற்று. ஹாரிஸ்மித்தைத் தாண்டி, வான் ரீனன் கணவாய்க்குச் சற்று முன்னால், முன்னே போன லாரிகளின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. நின்றவை நின்றவைதான். விடிந்து பார்த்தால் முன்னாலும் பின்னாலும் வெள்ளை, நடுவில் வரிசையாக லாரிக் கூரைகள். அவரிடம் இருந்தது ஒரு போர்வை, ஆறிப்போன ஒரு ஃபிளாஸ்க் தேநீர், விரதத்துக்காக அக்கா கட்டிக்கொடுத்ததில் மிஞ்சிய இரண்டு ரொட்டியும் கொஞ்சம் பீன்ஸ் கறியும். சனிக்கிழமை இலைச் சாப்பாட்டை அவருக்காக எடுத்து வைத்து, கடைசியில் நாங்களே சாப்பிட்டோம்.

அன்று முழுவதும் வாட்ஸ்அப்பில் பனி நிபுணர்களுக்குக் குறைவில்லை. "நாலு லாரி உப்பு கொட்டியிருந்தா போதுமே" என்றார் ஒருவர். "கனடாவுல தினமும் இப்படித்தான், அங்க ரோடு திறந்துதானே இருக்கு?" என்றார் இன்னொருவர். வெந்நீர் டேங்கர் அனுப்பச் சொன்னவரும் உண்டு. டர்பனில் பிறந்து வளர்ந்த நமக்குப் பனி என்பது டிராகன்ஸ்பர்க் மலை உச்சியில் தூரத்தில் தெரியும் வெள்ளை. அதை எப்படி அகற்றுவார்கள் என்று தெரியாமல் இருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் தெரியாமலே திட்டுவது சுலபமாக இருக்கிறது. அதனால்தான் இதை அடியிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

வெந்நீர் யோசனையை முதலில் முடித்துவிடலாம். ஊற்றிய நீர் சில நிமிடங்களில் ஆறி, உறைந்து, பஞ்சுபோல் கிடந்த பனிக்குப் பதிலாகக் கண்ணாடிபோன்ற தரையைத் தரும். முன்பு இருந்ததைவிட மோசம்.

ஒரு சொல், இரண்டு பொருள்

நம் மொழியில் 'பனி' என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்பதும் பனிதான், மலையில் கொட்டுவதும் பனிதான். சாலைக்கு அந்தத் தாராளம் உதவாது. இந்தக் கட்டுரையில் பனி என்றால் வானிலிருந்து பஞ்சாக விழுந்து குவிவது. பனிக்கட்டி என்றால் நீர் உறைந்து கெட்டியானது, ஃபிரிட்ஜில் இருப்பதைப் போன்றது.

ஏன் பிரிக்க வேண்டும்? பனியைத் தள்ளலாம். சாலையோடு ஒட்டிய பனிக்கட்டியைத் தள்ள முடியாது, பெயர்க்கத்தான் வேண்டும். பனி அகற்றும் வேலை முழுவதும் முதலாவது இரண்டாவதாக மாறாமல் பார்த்துக்கொள்வதுதான். டயர்கள் ஏறி மிதித்த பனி இறுகும். பகலில் சற்றே உருகி இரவில் மீண்டும் உறையும். அப்புறம் அது தாரோடு ஒன்றாகிவிடும்.

இதில் இன்னொரு வேஷமும் உண்டு: கரும்பனிக்கட்டி. உண்மையில் அது கறுப்பு அல்ல, நிறமே இல்லாத மெல்லிய படலம். அடியில் இருக்கும் தார் தெரிவதால் ஓட்டுநருக்கு ஈரச் சாலை போலவே தோன்றும். மேகமில்லாத இரவில் சாலை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அதில் படியும் ஈரம் அப்படியே உறையும். பனி ஒரு துளி விழாமலேயே சாலை வழுக்குவது இப்படித்தான். பாலங்கள் முதலில் உறைவதற்கும் காரணம் எளியது: சாதாரணச் சாலைக்கு அடியில் மண் இருக்கிறது, அது சேர்த்து வைத்த வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்றுதான்.

பஞ்சு போல் இருப்பது எத்தனை டன்?

சலித்த அரிசி மாவைத் தாம்பாளத்தில் கொட்டினால் மலைபோல் நிற்கும். கொழுக்கட்டைக்கு அமுக்கிப் பிசைந்தால் கைப்பிடிக்குள் அடங்கும். பனியும் அப்படி. புதுப் பனியில் பெரும்பகுதி காற்று. தோராயமாக 10 செ.மீ. பனியை உருக்கினால் 1 செ.மீ. நீர்தான் கிடைக்கும்.

இந்தக் காற்றை நம்பி ஏமாறக் கூடாது. ஒரு கணக்கு போடுவோம். 7 மீட்டர் அகலமுள்ள ஒரு சாதாரண இருவழிச் சாலை, 1 கிலோமீட்டர் நீளம். அதில் 10 செ.மீ. புதுப் பனி. கன அளவு 700 கன மீட்டர். எடை சுமார் 70 டன். ஒரே கிலோமீட்டரில், கணுக்கால் அளவுப் பனியில், 70 டன். ஒரு நகரத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சாலை இருக்கும்.

சரி, இதை வெப்பத்தால் உருக்கினால்? பனிக்கட்டி உருகுவதற்கு விழுங்கும் வெப்பம் பயங்கரமானது. 1 கிலோ பனிக்கட்டியை வெறுமனே நீராக்கத் தேவைப்படும் வெப்பம், அதே 1 கிலோ குளிர்நீரை 80 டிகிரி வரை காய்ச்சத் தேவைப்படும் வெப்பத்துக்குச் சமம். அந்த 70 டன்னை உருக்குவது 70,000 லிட்டர் ஐஸ் தண்ணீரைக் குளிக்க முடியாத சூட்டுக்குக் காய்ச்சுவது போல. பூமிக்கடியிலிருந்தே வெந்நீர் கிடைக்கும் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் போன்ற ஊர்கள் நடைபாதைக்கு அடியில் குழாய் பதித்து அதை ஓடவிடுகின்றன. ஜப்பானின் நாகோகாவில் சாலை நடுவே பதித்த குழாய்களிலிருந்து நிலத்தடி நீரைப் பீச்சுகிறார்கள். நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் உறைநிலைக்கு மேலே இருப்பதால் அது வேலை செய்கிறது. இயற்கை கொடுத்த ஊருக்கு அது சரி. மற்ற ஊர்கள் பெரும்பாலும் உருக்குவதைப் பற்றி யோசிப்பதில்லை. தள்ளுகின்றன.

ஆக இதுவரை: பனி பஞ்சாக விழுந்தாலும் டன் கணக்கில் எடை உள்ளது. உருக்கக் கட்டுப்படியாகாது. இறுகிச் சாலையோடு ஒட்டிவிட்டால் தள்ளவும் முடியாது. அப்படியானால் உப்பு எதற்கு?

தோசைக்கல்லில் ஒரு பாடம்

தோசைக்கல் காய்ந்ததும் ஒரு துணியாலோ வெங்காயத் துண்டாலோ எண்ணெய் தடவுகிறோம். பிறகு மாவை ஊற்றுகிறோம். தோசை வேகக் காரணம் அந்த எண்ணெயா? இல்லை. தோசை கல்லில் ஒட்டாமல் இருப்பதற்கும், கரண்டி அடியில் நுழைந்து அப்படியே எடுப்பதற்கும்தான் எண்ணெய். எண்ணெய் தடவ மறந்து மாவை ஊற்றிவிட்டு, அது பிடித்துக்கொண்ட பிறகு மேலே கால் லிட்டர் எண்ணெய் ஊற்றினாலும் சுரண்டத்தான் வேண்டும்.

சாலையில் உப்பு அந்த எண்ணெய். வாட்ஸ்அப்பில் யாருக்கும் புரியாமல் போனது இந்த ஒரு விஷயம்தான். உப்பு பனியை எல்லாம் உருக்கித் தீர்ப்பதற்காகப் போடப்படுவதில்லை. பனிக்கும் தாருக்கும் நடுவே, அடியில், ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்தால் போதும். மேலே எவ்வளவு விழுந்தாலும் அது சாலையைப் பிடிக்காது. பிறகு தள்ளும் வண்டி வந்து வழித்துக்கொண்டு போகும்.

எண்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மைனஸ் 5 டிகிரியில் அந்த 70 டன் பனி முழுவதையும் உப்பாலேயே நீராக்கி, நீராகவே வைத்திருக்க வேண்டுமென்றால் சுமார் 6 டன் உப்பு வேண்டும். 50 கிலோ அரிசி மூட்டைக் கணக்கில் 120 மூட்டை, ஒரே கிலோமீட்டருக்கு. ஆனால் பிரிட்டனில் உறையப் போகும் இரவுக்கு முன்னெச்சரிக்கையாகத் தூவும் அளவு சதுர மீட்டருக்கு 10 முதல் 20 கிராம். அதிகபட்சமாக 20 கிராம் என்றே வைத்துக்கொண்டாலும் நம் ஒரு கிலோமீட்டருக்கு 140 கிலோ. மூன்று மூட்டைகூட முழுதாக ஆகாது.

120 மூட்டை எங்கே, மூன்று மூட்டை எங்கே!

பனி விழும் முன்பே போடுவதற்கு முன்தடுப்பு என்று இங்கே பெயர் வைத்துக்கொள்வோம். விழுந்து ஒட்டிய பிறகு போடுவது பின்னுருக்கல். பின்னுருக்கலுக்கு உப்பு பல மடங்கு செலவாகும், நேரமும் அதிகம். அதனால் நல்ல நகரங்கள் மழை வருமா பனி வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. சாலைக்குள் பதித்த உணர்கருவிகளிலிருந்து தாரின் வெப்பநிலையை வாங்குகின்றன. காற்று 3 டிகிரி காட்டும்போதே தார் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கலாம். முடிவெடுக்க வேண்டியது தாரின் எண்ணை வைத்து.

இன்னொரு சிக்கல்: காய்ந்த சாலையில் போட்ட கல்லுப்பு டயர் பட்டுத் தெறித்து ஓரத்துக்குப் போய்விடும். அதனால் பல இடங்களில் முன்கூட்டியே உப்புநீராகத் தெளிக்கிறார்கள், அல்லது உப்பைச் சற்று நனைத்துத் தூவுகிறார்கள். கனடாவில் பனிக்கு முந்தைய நாள் வறண்ட தாரில் வெள்ளைக் கோடுகள் இணையாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், படத்திலாவது. யாரோ கோலமாவைச் சிந்திக்கொண்டே போனதுபோல் இருக்கும். அது காய்ந்த உப்புநீர்தான்.

உப்பு என்னதான் செய்கிறது?

பூஜ்யம் டிகிரியில் நீரும் பனிக்கட்டியும் சேர்ந்திருக்கும்போது ஒன்றும் நடக்காததுபோல் தெரியும். உள்ளே பெரிய போக்குவரத்தே நடக்கிறது. பனிக்கட்டியிலிருந்து நீர் மூலக்கூறுகள் கழன்று நீருக்குள் போகின்றன; நீரிலிருந்து சில வந்து பனிக்கட்டியில் ஒட்டிக்கொள்கின்றன. மூலக்கூறு என்பது ஒரு பொருளின் ஆகச் சிறிய துணுக்கு. போவதும் வருவதும் சமமாக இருப்பதால் இரண்டும் அப்படியே நிற்கின்றன.

கல்யாண மண்டப வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் வெளியே போகிறார்கள், புதியவர்கள் உள்ளே வருகிறார்கள். கூட்டம் ஒரே அளவில் இருக்கிறது. இப்போது வெளியே படிக்கட்டில் நாலைந்து பெரியப்பாக்கள் நின்று பேச ஆரம்பிக்கிறார்கள். போகிறவர்கள் எப்படியோ போய்விடுகிறார்கள். உள்ளே வர நினைப்பவர்களுக்கு வழி குறுகிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் மண்டபம் காலியாகத் தொடங்கும். நீரில் கரைந்த உப்புதான் அந்தப் பெரியப்பாக்கள். பனிக்கட்டியிலிருந்து கழல்வது நடந்துகொண்டே இருக்கும், திரும்பி ஒட்டுவது குறையும். பனிக்கட்டி கரையும்.

குளிர் கூடக் கூட, கழன்று போகிறவர்களே குறைந்துவிடுவார்கள். அப்போது உப்புக்குச் செய்ய ஒன்றுமில்லை. சாதாரண உப்பு, நீரில் 23 சதவீத அளவுக்கு இருந்தால், மைனஸ் 21 டிகிரி வரை உறையாமல் தாங்கும். அது ஆய்வகக் கணக்கு. சாலையில் மைனஸ் 10 டிகிரி வந்தாலே உப்பு மந்தமாகிவிடுகிறது. அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு போன்ற விலை கூடிய உப்புகள், அல்லது வெறும் மணல். மணல் எதையும் உருக்காது. டயருக்குப் பிடி கொடுக்கும், அவ்வளவுதான். அதனால் "உப்பு போட்டார்கள், வேலை செய்யவில்லை" என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது அன்றைக்கு எத்தனை டிகிரி என்பது.

இந்த உப்பு கடலோரத்தில் காய்ச்சியது என்று நினைத்தால் பெரும்பாலும் அப்படி இல்லை. பழைய கடல்கள் வற்றிப் பூமிக்கடியில் புதைந்த பாறை உப்பு. உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் கனடாவின் காட்ரிச் என்ற ஊரில், ஹியூரான் ஏரிக்கு அடியில் இருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே ஒரு உப்புச் சுரங்கம் உண்டு. அந்த நகரம் 1940-லேயே சாலைக்கு உப்பு போடத் தொடங்கியதில் ஆச்சரியம் என்ன!

தள்ளும் வண்டியும் வரப்பும்

ஆங்கிலத்தில் இதற்குக் கலப்பை என்ற பொருள்படும் பெயர். ஆனால் அது எதையும் உழுவதில்லை. லாரியின் முன்னால் சாய்வாகப் பொருத்திய வளைந்த இரும்புத் தகடு. பனியை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே போகும். பின்னால் உப்புத் தொட்டியும் சுழலும் தட்டும். முன்னால் வழித்தல், பின்னால் தூவல், ஒரே ஓட்டத்தில்.

அகலச் சாலையில் மூன்று நான்கு வண்டிகள் படிக்கட்டுபோல் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்த வரிசையில் போகும். முதல் வண்டி ஒதுக்கியதை இரண்டாவது வாங்கி இன்னும் தள்ளும், அதை மூன்றாவது. வாசல் பெருக்கும்போது குப்பையை ஒரே வீச்சில் தெருவுக்கு அனுப்ப முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறோமே, அதே முறை. இந்த அணிவகுப்பின் நடுவே முந்திப்போக நினைக்கும் கார்க்காரர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

ஒதுக்கிய பனி சாலையோரத்தில் நீளமாகக் குவியும். வயல் வரப்பு மாதிரியே இருப்பதால் அதை வரப்பு என்றே சொல்கிறேன். இந்த வரப்புதான் கனடாவில் குடும்பச் சண்டை அளவுக்குப் பெரிய விஷயம். ஸ்கார்பரோவில் இருக்கும் என் அக்கா மகன் காலை 5 மணிக்கு எழுந்து, கார் வெளியே வரும் வழியை மண்வாரியால் ஒரு மணி நேரம் சுத்தம் செய்வான். முதுகு நிமிர்த்தும் நேரத்தில் நகராட்சி வண்டி வந்து, தெருவைப் பளிச்சென்று வழித்து, அந்த வரப்பை இவன் வாசலில் போட்டுவிட்டுப் போகும். "மாமா, வேணும்னே செய்றாங்க" என்பான் போனில். வேண்டுமென்று இல்லை. தகடு தொடர்ச்சியாக ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டே போவது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தூக்கி இறக்க அதற்கு வழியில்லை. அவன் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

என் தெரு ஏன் கடைசி?

உலகில் எந்த நகரத்துக்கும் எல்லாத் தெருவையும் ஒரே நேரத்தில் வழிக்க வண்டி கிடையாது. அதனால் வரிசை. மருத்துவமனைக்குப் போகும் சாலை, தீயணைப்பு நிலையம், பேருந்துத் தடம், செங்குத்தான மேடு இவை முதலில். நம் வீட்டுச் சந்து கடைசியில்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டிப் போக்குவரத்தையும் வேக வரம்பையும் வைத்துச் சாலைகளுக்கு வகுப்பு. முதல் வகுப்புச் சாலையில் பனி 2.5 செ.மீ. தாண்டக் கூடாது, தாண்டினால், பனிப்பொழிவு நின்ற 4 மணி நேரத்துக்குள் அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்தாம் வகுப்புத் தெருவுக்கு 10 செ.மீ. வரை, 24 மணி நேரம் வரை அவகாசம். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். இலக்கு கறுப்புத் தார் அல்ல, ஓட்டக்கூடிய சாலை. கடிகாரம் ஓடத் தொடங்குவது பனி நின்ற பிறகு. கொட்டும்போது யாராலும் ஜெயிக்க முடியாது என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது.

ஏன் முடியாது? ஒரு வண்டி தன் தடத்தை வழித்து முடித்து மறுபடி அதே இடத்துக்கு வர எடுக்கும் நேரத்தைச் சுற்றுநேரம் என்போம். சுற்றுநேரம் 3 மணி, பனி மணிக்கு 5 செ.மீ. என்றால், வண்டி திரும்பி வரும்போது அங்கே 15 செ.மீ. இருக்கும். யாரும் சோம்பேறித்தனமாக இல்லை. ஆனாலும் உங்கள் தெரு வெள்ளையாகவே இருக்கும். 1999 ஜனவரியில் டொராண்டோ மேயர் மெல் லாஸ்ட்மன் பனி வழிக்க ராணுவத்தையே வரவழைத்தார். மற்ற ஊர்க்காரர்கள் அதைச் சொல்லி டொராண்டோவை இன்றும் கிண்டல் செய்கிறார்கள்.

அப்புறம், இதுவரை சொன்னதை ஒருமுறை கோத்துக்கொள்வோம். முதலில் அடியில் உப்பு, ஒட்டாமல் இருக்க. பிறகு தள்ளுதல், முக்கியச் சாலையிலிருந்து சந்து வரை. மிகக் குளிர்ந்தால் உப்புக்குப் பதில் மணல். மிஞ்சியிருப்பது, ஒதுக்கிய மலையை என்ன செய்வது?

பனியை ஏற்றிக்கொண்டு போகும் ஊர்

பல ஊர்களில் ஓரத்திலேயே விட்டுவிடுவார்கள், வெயில் பார்த்துக்கொள்ளும். மான்ட்ரியலில் அது நடக்காது. அங்கே ஒரு குளிர்காலத்தில் விழும் பனியைக் கூட்டினால் சுமார் 2 மீட்டர் வரும், இடையில் பெரிதாக உருகாது. சாலையும் நடைபாதையுமாகச் சுமார் 10,000 கி.மீ. தூரம். ஓரத்தில் விட்டுக்கொண்டே போனால் ஜனவரியில் தெருவே இருக்காது. அதனால் வரப்புகளை அள்ளி லாரியில் ஏற்றி ஊரைவிட்டுக் கொண்டுபோகிறார்கள். சராசரியாக ஒரு குளிர்காலத்துக்கு 1.2 கோடி கன மீட்டர்.

அள்ளும் முன் தெருவில் நிற்கும் கார்கள் போயாக வேண்டும். நம்மூரில் காவடி வரும் நாளில் தேர்ப் பாதையில் நிற்கும் காரை எடுக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்துவார்களே, நம்பரைச் சொல்லி! மான்ட்ரியலில் முதலில் ஆரஞ்சு நிற அறிவிப்புப் பலகைகள். பிறகு இழுவை வண்டிகள் சைரன் ஊதிக்கொண்டே தெருவில் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் பைஜாமாவோடு ஓடிவந்து காரை எடுப்பது அங்கே குளிர்காலக் கலாசாரம். எடுக்காதவர் காரைப் பக்கத்துத் தெருவுக்கு இழுத்துப்போய் விட்டுவிடுவார்கள், அபராதச் சீட்டோடு.

அதற்குப் பிறகு வருவது பனி ஊதும் இயந்திரம். முன்னால் சுழலும் திருகுபோன்ற கத்திகள் வரப்பைத் தின்று உள்ளே இழுக்கும். வளைந்த குழாய் வழியாக அதே வேகத்தில் பக்கத்தில் ஓடும் லாரிக்குள் பீச்சும். இதை உருவாக்கியவர் கியூபெக்கின் ஆர்தர் சிகார்ட், 1925-ல். லாரிகள் போகும் இடங்களில் பெரியது பிராங்கான் என்ற பழைய கல்குவாரி. அங்கே கொட்டிக் குவிந்த பனி கோடையிலும் எளிதில் உருகி முடியாது. மேலே அழுக்கும் மணலும் படிந்து, பார்க்கப் பனி என்றே தோன்றாத சாம்பல் நிறக் குன்று. ஒரு பகுதிப் பனி, தெருவில் இருக்கும் துவாரங்கள் வழியாகக் கழிவுநீர்க் குழாய்க்குள் போகிறது. கழிவுநீரின் கதகதப்பில் அது உருகிவிடும். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது அதுதான். ஊரார் குளித்த வெந்நீர் வீணாகவில்லை.

உப்பு சும்மா போவதில்லை

கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் எத்தனை வருடம் தாங்குகின்றன என்று. டர்பன் உப்புக்காற்று செய்யும் வேலையை, பனி நாடுகளில் சாலை உப்பு காரின் அடிவயிற்றில் செய்கிறது. கான்கிரீட் பாலங்களுக்குள் இருக்கும் கம்பியையும் அது விடாது.

அதைவிடப் பெரிய தலைவலி நீர். கரைந்த உப்பு ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது, அங்கிருந்து தானாக எங்கும் போவதில்லை. நன்னீர் மீன்களும் சிறு உயிர்களும் பாதிக்கப்படுகின்றன. கனடா அரசு 2001-லேயே ஆராய்ந்து, சாலை உப்பு சூழலுக்கு நச்சு என்று முடிவு சொன்னது. தடை செய்யவில்லை, தடை செய்தால் குளிர்காலத்தில் ஆம்புலன்ஸ் ஓடாது. 2004-ல் எப்படிச் சேமிப்பது, எவ்வளவு தூவுவது என்று வழிகாட்டு விதிகள் வந்தன. மூன்று மூட்டையா, ஆறு மூட்டையா என்ற கேள்வி காசுக் கணக்கு மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் வான் ரீனனில் ஏன் முடியவில்லை?

இப்போது நம் கதைக்கு வருவோம். ஜோஹன்னஸ்பர்க்கில் 2012 ஆகஸ்ட்டில் பனி விழுந்தது. அடுத்து 2023 ஜூலை 10-ல். நடுவில் 11 வருடம். அன்று மக்கள் அலுவலகத்தை விட்டு வெளியே வந்து கைநீட்டிப் பிடித்தார்கள், ரோபோவில் (சிக்னல் விளக்குக்கு இங்கே அதுதான் பெயர்) பச்சை விழுந்தும் வண்டிகள் நகராமல் படம் எடுத்துக்கொண்டிருந்தன. அதற்காகப் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஓடும் நூறு வண்டிகளை வாங்கி நிறுத்துவது, வருடம் ஒருநாள் கல்யாணத்துக்காக வீட்டிலேயே மண்டபம் கட்டுவது போல. அத்தகைய இடத்தில் வெயில்தான் நகராட்சி ஊழியர்.

மலைக் கணவாய்கள் வேறு. ஈஸ்டர்ன் கேப்பின் பார்க்லி, பென்ஹூக், லூட்ஸ்பர்க் கணவாய்கள் பனிக்காக மூடப்படுவது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பழக்கம். அங்கே கையில் இருப்பது பெரும்பாலும் மண்சாலை போடும் கிரேடரும் மண் அள்ளும் வண்டியும்தான். கிரேடரின் தகடு பனியையும் தள்ளும். ஆனால் அங்கே முக்கியக் கருவி தகடு அல்ல, சாலையை மறிக்கும் கேட். சாலையை நேரத்தோடு மூடுவது.

வான் ரீனன் வழியாகப் போகும் என்-3 நெடுஞ்சாலை அதைவிடச் சிக்கலானது. வான் ரீனன் கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரம். டர்பன் துறைமுகத்துக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் நடுவே நாட்டின் சரக்கில் பெரும்பகுதி இதன் மேல்தான் போகிறது. மூட யாருக்கும் மனம் வராது. அந்த வெள்ளிக்கிழமை இரவு பனி வேகமாகக் கொட்டியது. ஏற்றத்தில் ஒரு லாரியின் சக்கரம் சுழன்று பிடி இழந்தால், இழுவைப் பெட்டி பக்கவாட்டில் நழுவிக் குறுக்கே நிற்கும். இரண்டு தடமும் போச்சு. பின்னால் வருவது நிற்கும். நின்றது பனியில் புதையும். அதன் பின்னால் இன்னொன்று.

இனி ஆயிரம் டன் உப்பும் பத்துத் தள்ளு வண்டியும் ஹாரிஸ்மித்தில் தயாராக இருந்தாலும், அவை எந்த வழியாக மேலே போகும்? சாலையை அடைத்தது முதல் ஒரு மணி நேரம் பனி. அதற்குப் பிறகு அடைத்தது லாரிகள். என்-3 ஒரு நாளுக்கும் மேல் மூடியிருந்ததற்குக் காரணம் அதுதான். ஒவ்வொரு வண்டியாக இழுத்து எடுத்த பிறகுதான் தகடுக்கு இடம் கிடைத்தது. கனடாவிலும் நெடுஞ்சாலையில் லாரி குறுக்கே நின்றால் இதே கதிதான். அங்கே வித்தியாசம், குளிர்கால டயர்களும், பனிக்கு முன்பே தாரில் காய்ந்து கிடக்கும் அந்த வெள்ளைக் கோடுகளும், தயங்காமல் சாலையை மூடும் பழக்கமும்.

ஆகவே "ஏன் உப்பு போடவில்லை" என்பதைவிட, "எத்தனை மணிக்கு மூட முடிவு செய்தார்கள், அப்போது கணவாயில் எத்தனை லாரி இருந்தது" என்று கேட்டால் பதிலில் ஏதாவது இருக்கும்.

மச்சான் ஞாயிற்றுக்கிழமை மாலை வீடு வந்து சேர்ந்தார். கால் விரல்கள் மரத்துப் போயிருந்தன, பேச்சில் கோபம் இல்லை. குளித்துவிட்டு வந்து முதலில் கேட்டது இலைச் சாப்பாடு மிச்சமிருக்கிறதா என்று. இப்போது ஜூனிலிருந்து செப்டம்பர் முடியும்வரை லாரியில் இரண்டு போர்வை, ஒரு மண்வாரி, ஒரு பை மணல் வைத்திருக்கிறார். ஹாரிஸ்மித்துக்கு முந்தைய பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, மேலிருந்து இறங்கி வரும் லாரிகளின் கூரையைப் பார்ப்பாராம். வெள்ளையாக இருந்தால் அங்கேயே படுத்துத் தூங்கிவிடுவாராம்.